55, 56, 57: எந்த செவர்லே?

18 ஆகஸ்ட் 2024, ஒரு வாசகரின் கேள்வி

"டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவில் நேற்று நடந்த பழைய கார் ஊர்வலத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் படத்தைத் திறந்தாலும் 57 (அதாவது 1957 மாடல்) செவர்லே பெல் ஏர் நிற்கிறது. பழைய அமெரிக்கக் கார்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கட்சி. முந்தைய 55-உம் 56-உம் வெறும் ஒத்திகை. மறுப்பவர் இருந்தால் வாருங்கள்."

18 ஆகஸ்ட், இரவு

வந்துவிட்டேன். நேற்று அதே சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு வெயிலில் வதங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நாடகம் 55-இலேயே அரங்கேறிவிட்டது. 57-இல் நடந்தது உடை மாற்றம் மட்டும்.

அதற்கு முன் பல காலமாக செவர்லே என்றால் ஆறு சிலிண்டர் எஞ்சின், அடக்கமான வண்டி, குடும்பஸ்தர் வாங்குவது. 1955 மாடலில் எட் கோல் தலைமையிலான பொறியாளர்கள் 265 கன அங்குல வி8 எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். சாதாரண நிலையில் 162 குதிரைத்திறன், 'பவர் பேக்' என்ற கூடுதல் தொகுப்பை வாங்கினால் 180. எடை குறைவு, வேகமாகச் சுழலும், செலவு குறைவாக வார்க்கக்கூடியது. அதே ஆண்டில் 6 வோல்ட் மின்சாரம் போய் 12 வோல்ட் வந்தது. அடிச்சட்டம் (சேஸிஸ்) புதிது, பாடி புதிது. ஒரே ஆண்டில் ஒரு கம்பெனி இத்தனையையும் மாற்றுவது லேசான காரியம் இல்லை.

57-க்கு முற்றிலும் புதிய கார் வரவேண்டியிருந்தது. வேலை முடியவில்லை. ஆகவே பழைய பாடியையே மூன்றாம் ஆண்டும் ஓட்டினார்கள். நீங்கள் கும்பிடுகிற அந்தப் பின்சிறகு, தாமதத்தை மறைக்கப் போட்ட ஜோடனை.

19 ஆகஸ்ட்

"ஜோடனை என்றால் ஏன் அப்படி விற்றது?" என்று மடக்கியிருக்கிறார்.

விற்கவில்லை என்பதல்ல, ஃபோர்டிடம் தோற்றது என்பதே செய்தி. 1957 மாடல் ஆண்டில் ஃபோர்டு 16.7 லட்சம் கார்களுக்கு மேல் தயாரித்தது. செவர்லே 15 லட்சத்தைச் சற்றே தாண்டியது. 55-இல் செவர்லே 17 லட்சத்தைத் தொட்ட கம்பெனி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

காரணம் கண்ணுக்குத் தெரிந்ததுதான். அந்த ஆண்டு ஃபோர்டு புதிய பாடி. கிரைஸ்லர் பக்கம் வெர்ஜில் எக்ஸ்னர் வரைந்த தாழ்வான, நீளமான கார்கள். பிளிமத் விளம்பரத்தில் 'திடீரென்று 1960 வந்துவிட்டது' என்றே போட்டார்கள். அவற்றின் பக்கத்தில் நிறுத்தினால் 57 செவர்லே உயரமாக, பழையதாகத் தெரிந்தது. அந்த பிளிமத்துகள் சீக்கிரமே துருப்பிடித்துப் போனது வேறு கதை.

57-இன் புகழ் ஷோரூமில் பிறந்ததல்ல. பழைய கார் சந்தையில் பிறந்தது. அறுபதுகளில் பையன்கள் கைக்காசு போட்டு இரண்டாம் கையாக வாங்கினார்கள், எஞ்சினைக் கழற்றிப் பெரியதை மாட்டினார்கள், சனிக்கிழமை இரவுகளில் பந்தயம் விட்டார்கள். ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் பிந்தைய ஆண்டுகளின் எஞ்சினும் அதிக வம்பு இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பையன்கள் வளர்ந்து கையில் பணம் சேர்ந்தபோது விலை ஏறியது. அவ்வளவுதான்.

19 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

அவ்வளவுதான் இல்லை. சிறகு அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

24 ஆகஸ்ட்

டெக்சாஸிலிருந்து எழுதும் அன்பர், "சரி, உங்களிடம் எந்த ஆண்டு வண்டி இருக்கிறது?" என்கிறார். என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு கார் நிற்கும் கராஜில் ஒரு பாதி பனி அள்ளும் இயந்திரத்துக்கும் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் போய்விட்டது. ஆனால் எங்கள் தெருக்கோடிப் பெரியவரிடம் ஒரு 56 இருக்கிறது. பெல் ஏர் அல்ல. அதற்கு ஒரு படி கீழே, டூ-டென். இரண்டு கதவு செடான், ஆறு சிலிண்டர். சனிக்கிழமைகளில் அவருக்குக் கைவேலை செய்து கொடுப்பேன். கூலியாகச் சாவி கிடைக்கும்.

ஓட்டியவனாகச் சில விஷயங்கள் சொல்கிறேன், படத்தில் தெரியாதவை.

கியர் ஸ்டீயரிங் தண்டில். தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர். அந்த முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுக்க நிற்காமல் போட முயன்றால் கரகரவென்று தெருவுக்கே கேட்கும். பெரியவர் வாயைத் திறக்கமாட்டார். திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்.

வைப்பர் மின்சாரத்தில் ஓடுவதல்ல. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தில் ஓடுகிறது. மழையில் மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறைந்து, வைப்பர் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிடும். வழி தெரிய வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும். காலை எடுத்தால் மேடு ஏறாது. எது வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்து கொள்ளுங்கள். மின்சார வைப்பரை அந்நாளில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருக்கலாம்; டூ-டென் வாங்கியவர்களில் அதற்குப் பணம் கொடுத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

பெட்ரோல் மூடி: இடப்பக்கப் பின்விளக்குக்குள். ஒரு சிறு பிடியைத் திருப்பினால் க்ரோம் கூட்டோடு விளக்கே மடங்கித் திறக்கிறது. உள்ளே குழாய் வாய். இன்றைய பங்க் குழாயின் மூக்கு அதில் சரியாக உட்காராது. சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். டக்கென்று நிற்கும், மறுபடி அழுத்துவோம், மறுபடி டக். கடைசியில் ஒரு வாய் பெட்ரோல் பம்பரில் வழியும். அதற்கென்றே டிக்கியில் ஒரு பழைய துண்டு கிடக்கிறது.

25 ஆகஸ்ட்

மூடி விஷயத்துக்கு இத்தனை பேர் வருவீர்கள் என்று தெரிந்திருந்தால் எஞ்சினைப் பற்றி எழுதியே இருக்கமாட்டேன்.

55-இல் ஒளிவுமறைவு இல்லை. இடது பின்பக்கத்தில் சாதாரணச் சிறு கதவு. 57-இல் இடது சிறகின் பின்விளிம்பில் ஓடும் க்ரோம் பட்டையின் ஒரு துண்டு திறக்கும். தெரியாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் பங்கில் நின்று சுற்றிச் சுற்றி வருவார். இந்த விளையாட்டைத் தொடங்கியது செவர்லே அல்ல. காடிலாக் 1941-லேயே பின்விளக்குக்கு அடியில் மூடியை ஒளித்துவிட்டது. ஃபோர்டின் 1965 மஸ்டாங்கில் பின்புறம் நட்டநடுவே முத்திரைபோல் வைத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எந்தப் பக்கம் நிறுத்தினாலும் குழாய் எட்டும்.

31 ஆகஸ்ட்

இனி 55 கட்சிக்காரர்களுக்கு. நான் உங்கள் பக்கம் என்று நினைத்துக் கொடி பிடித்துவிட்டீர்கள்.

55-இன் அந்தப் புகழ்பெற்ற வி8 பிளாக்கில் ஆயில் ஃபில்டர் வைக்க இடமே இல்லை. வேண்டுமென்றால் வெளியே தனியாக ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். அதுவும் ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும். 56-இல்தான் பிளாக்கிலேயே ஒழுங்கான ஃபில்டருக்கு இடம் வந்தது. முதல் ஆண்டு வண்டி வாங்குபவர் கம்பெனியின் பரிசோதனைக்குத் தன் காசைப் போடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

55-இன் முகத்தையும் பாருங்கள். சிறு சிறு கட்டங்களாக, ஃபெராரி பாணியில் ஒரு கிரில். இன்று எல்லோரும் அதைத்தான் அழகு என்கிறார்கள். அன்றைக்கு வாங்க வந்தவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. முகம் ஒடுங்கியிருக்கிறது, பணம் கொடுத்ததற்கு அகலம் தெரியவில்லை என்ற முணுமுணுப்பு. 56-இல் கிரில்லை விளக்கிலிருந்து விளக்கு வரை நீட்டிவிட்டார்கள்.

ஆகவே என் கட்சி 56. இரண்டு பக்கமும் திட்டு வாங்கத் தயார்.

1 செப்டம்பர்

திட்டு வந்தது. "56-க்கென்று என்ன வரலாறு இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நடுப்பிள்ளையை யாரும் தனியாகப் படம் எடுப்பதில்லை, அதனால் கேட்கிறீர்கள்.

1955 செப்டம்பர். 56 மாடல் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. செவர்லே பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவ், பின்னாளில் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் தந்தை என்று பெயர் வாங்கியவர், உருமறைப்புப் பூச்சு பூசிய ஒரு 56 செவர்லேயைக் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலைப்பாதையில் ஏற்றினார். மண் சாலை, கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 14,000 அடிக்கு மேல். 17 நிமிடம் 24 விநாடி. அந்த வகைக் கார்களுக்கு அது சாதனை. விளம்பரக்காரர்கள் ஆண்டு முழுவதும் அதை வைத்தே பிழைத்தார்கள். கார்வெட்டுக்காகத் தயாரான 225 குதிரைத்திறன், இரட்டைக் கார்புரேட்டர் எஞ்சினையும் அந்த ஆண்டில் சாதாரண செவர்லேயில் வாங்க முடிந்தது.

பெரியவரின் ஆறு சிலிண்டருக்கும் பைக்ஸ் பீக்குக்கும் எந்த உறவும் இல்லை. எங்கள் ஊர் மேம்பாலத்தையே அது யோசித்துத்தான் ஏறுகிறது.

7 செப்டம்பர்

57-இன், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை இழுத்துவிட்டார்கள். 283 கன அங்குலத்தில் 283 குதிரைத்திறன், 'ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை, அமெரிக்காவில் முதல் முறை' என்று எங்கும் எழுதியிருப்பது உண்மைதான், எழுதியிருக்கிறது. ஆனால் 1956-லேயே கிரைஸ்லர் 300பி காரில் 354 கன அங்குலத்துக்கு 355 குதிரைத்திறன் எஞ்சின் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. விளம்பரத்தில் யார் உரக்கக் கத்தினார்கள் என்பதே வேறுபாடு.

இன்னொன்று. அந்த இன்ஜெக்‌ஷனைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக் அன்று ஊருக்கு ஒருவர் கிடைப்பதே அரிது. வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள். எறிந்த அந்தத் துண்டுக்கு இன்று சொல்லும் விலையில் நல்ல கார் ஒன்று வாங்கலாம்.

அந்த 57-இல் எனக்கு உண்மையாகவே ஆசை உள்ள வண்டி ஒன்று உண்டு. 'பிளாக் விடோ'. எல்லாவற்றிலும் மலிவான ஒன்-ஃபிஃப்டி பாடி, அதுவே எடை குறைவு என்பதால். அதில் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். கறுப்பு வெள்ளைப் பூச்சு. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்துக்கென்றே கட்டியது. 1957 ஜூனில் கார் உற்பத்தியாளர் சங்கம், கம்பெனிகள் பந்தயங்களுக்கு உதவக் கூடாது என்று முடிவெடுத்ததும் கடை மூடியது. க்ரோம் இல்லை, தங்க நிற ஜரிகை இல்லை, ஆனால் அது ஓடியது. 57 கட்சிக்காரர்கள் சிறகை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே பாதி வாயை மூடியிருப்பேன்.

8 செப்டம்பர்

கார்வெட்டில் எந்த ஆண்டு என்று கேட்டவருக்கு: 63-இன் பிளந்த பின்கண்ணாடி. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் நடுமுதுகு போல் ஓடும் அந்தக் கோட்டை விடமாட்டேன் என்றார். டண்டோவ் பின்னால் வருவது தெரியவில்லை என்று சண்டை போட்டார். ஓராண்டு மிட்செல் வென்றார், அடுத்த ஆண்டு டண்டோவ் வென்றார். 64-இல் ஒரே கண்ணாடி. அப்போது சில 63 சொந்தக்காரர்கள் நடுத்தூணை அறுத்துவிட்டு 64-இன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள், வண்டி புதிதாகத் தெரியட்டும் என்று. இன்று அதே ஆட்களின் பேரப்பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். 63-இல் கூரை வைத்த கார் 10,594 மட்டும்.

ஓட்டுவதற்கு எது என்றால் 65-உம் அதற்குப் பிறகு உள்ளவையும். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் அப்போதுதான் வந்தது. நிற்கவும் தெரிய வேண்டும் அல்லவா?

14 செப்டம்பர்

முதல் மஸ்டாங்குகளை 'அறுபத்து நாலரை' மாடல் என்று சொல்வது பற்றி ஒரே தடவை சொல்கிறேன். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஃபோர்டு தன் ஏட்டில் அவை எல்லாவற்றையும் 1965 என்றே பதிந்தது. 'அரை' என்பது பின்னால் ரசிகர்கள் வைத்தது. ஆனால் வேறுபாடு பொய்யல்ல. தொடக்கத்தில் வந்தவற்றில் டைனமோ; 1964 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். தொடக்கத்தில் 170 கன அங்குல ஆறு சிலிண்டரும் 260 வி8-உம். பிறகு 200-உம் 289-உம்.

நான் எடுத்தால் 66. 65-இன் சாதாரண மாடலில் ஃபோர்டின் ஃபால்கன் காரிலிருந்து கொண்டுவந்த பட்டை வடிவ ஸ்பீடாமீட்டர்; 66-இல் எல்லாவற்றிலும் ஐந்து வட்ட மீட்டர்கள். ஓட்டுபவன் கண் நாள் முழுவதும் இருக்கும் இடம் அது. கிரில்லில் குதிரை எத்தனை கம்பிகளுக்கு நடுவே நிற்கிறது என்று வெளியே நிற்பவர்கள் எண்ணட்டும்.

21 செப்டம்பர்

"பழைய இரும்பு கெட்டி, இந்தக் காலத்து வண்டிகள் தகரம்" என்று இன்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன்.

2009-இல் அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் தன் ஐம்பதாம் ஆண்டுக்காக ஒரு 1959 பெல் ஏரையும் ஒரு 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் முகத்தோடு முகம் மோதவிட்டது. படம் இணையத்தில் இருக்கிறது, பாருங்கள். 59-இன் முன்தூண் மடிகிறது, டாஷ்போர்டு உள்ளே வருகிறது, ஸ்டீயரிங் பொம்மையின் மேல் ஏறுகிறது. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் அடி, அவ்வளவே. 58 முதல் பெரிய செவர்லேக்களுக்கு எக்ஸ் வடிவச் சட்டம் என்பதால்தான் இப்படி என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எங்கள் 55, 56, 57-க்கு ஓரச்சட்டம் உண்டு என்பது உண்மை. ஆனால் நெஞ்சுக்கு நேரே ஈட்டிபோல் நிற்கும் ஸ்டீயரிங் தண்டு இவற்றிலும் அதே தண்டுதான். மோதினால் சுருங்கும் தண்டு செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் கார்களில் 1967 மாடலில் வந்தது. பிரேக்குக்கும் ஒரே குழாய் வழி; எங்காவது ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போச்சு.

1956-இல் ஃபோர்டு மட்டும் பாதுகாப்பை விற்கப் பார்த்தது. ராபர்ட் மக்னமாரா அப்போது ஃபோர்டு பிரிவின் தலைவர். குழிந்த ஸ்டீயரிங் சக்கரமும் எளிதில் திறந்துகொள்ளாத கதவுப் பூட்டும் எல்லா வண்டியிலும். பெல்ட்டும் மெத்தை வைத்த டாஷ்போர்டும் கூடுதல் காசுக்கு. அந்த ஆண்டு விற்பனையில் செவர்லே முந்தியது. பாதுகாப்பு விற்காது என்று ஊரே முடிவுகட்டியது.

பெரியவரின் 56-இல் இடுப்புக்கு மட்டும் பெல்ட் பின்னால் பொருத்தியது. மணிக்கு 45 மைலுக்கு மேல் அதை நான் ஓட்டியதில்லை. முன்னால் ஒரு லாரி நீளத்துக்கு இடம் விட்டுத்தான் போவேன். அந்த இடத்தில் உடனே யாராவது புகுந்துகொள்வார்கள்.

29 செப்டம்பர்

கும்பகோணத்திலிருந்து ஒருவர் தன் தந்தையின் திருமணத்து ஜானவாசப் படத்தை அனுப்பியிருக்கிறார். திறந்த கார், மாலை, பெட்ரோமாக்ஸ் விளக்குகள், மடியில் இரண்டு வாண்டுகள். "இம்பாலா என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எந்த ஆண்டு இம்பாலா?" என்பது கேள்வி.

நம் ஊரில் நீளமான கார் எல்லாம் இம்பாலா. உங்கள் படத்தில் முன்கண்ணாடி நடுவில் ஒரு தடுப்போடு இரண்டு துண்டாக இருக்கிறது. செவர்லே 1953-இல் ஒற்றைக் கண்ணாடிக்கு மாறிவிட்டது. இம்பாலா என்ற பெயரே 1958-இல்தான், பெல் ஏரின் உச்ச ரகமாக வந்தது. ஆகவே செவர்லே என்றால் அது 1952 அல்லது அதற்கு முந்தைய ஏதோ ஒரு வண்டி. மாலை மறைத்திருப்பதால் முத்திரை தெரியவில்லை. வீட்டில் சொல்லிச் சண்டை வாங்க வேண்டாம். மாப்பிள்ளை அழகாக இருக்கிறார்.

படத்தை வைத்து ஆண்டு கண்டுபிடிக்க எளிய வழி: முகவிளக்குகளை எண்ணுங்கள். இரண்டிரண்டாக நான்கு இருந்தால் பெரும்பாலும் 1958 அல்லது அதற்குப் பின். முன்கண்ணாடி ஓரங்களில் வளைந்து கதவுப் பக்கம் வந்தால், செவர்லேயில் 1955 அல்லது அதற்குப் பின்.

பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயில் பொருத்திய டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ பற்றியும் கேட்டார். அவற்றில் இந்த விளையாட்டு செல்லாது. ஏற்றுமதிக்கு வந்த டாட்ஜ் கிங்ஸ்வேயும் டிசோட்டோ டிப்ளமாட்டும் பிளிமத் பாடியில் வேறு முத்திரை குத்தியவையே. அங்கே ஆண்டைத் தேடுவதற்கு முன் வண்டியின் குலத்தையே தேட வேண்டும்.

12 அக்டோபர்

குதிரைத்திறன் பட்டியல் போட்டு '1972-இல் எல்லாம் செத்துவிட்டது' என்று எழுதிய அன்பருக்கு. பட்டியலை ஆண்டுவாரியாக ஒப்பிடும் முன் அளவுகோல் ஒன்றுதானா என்று பாருங்கள். 1971 வரை பெரும்பாலும் எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து, ஃபேன், ஏர் கிளீனர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த கணக்கு. 1972 முதல் காரில் இருக்கும் நிலையில் அளந்த நிகரக் கணக்கு. கார்வெட்டின் அடிப்படை 350 எஞ்சின் 71-இல் 270, 72-இல் 200. ஓராண்டில் எழுபது குதிரைகள் இறந்துவிடவில்லை. லாயத்தில் எண்ணும் முறை மாறியது.

உண்மையான இழப்பு அதற்கு ஓராண்டு முன்பே. ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தயாராக 71-இல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரஷனை, அதாவது பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தது. அதே கார்வெட் 70-இல் 300. அதனால்தான் 70-ஐ உச்சம் என்கிறார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை.

19 அக்டோபர்

பனி உருகச் சாலைகளில் உப்பு போடத் தொடங்குவதற்குள், துருவுக்குப் பயந்து, பழைய வண்டிகளை மூடி வைத்துவிடுவது மிச்சிகன் வழக்கம். மூடுவதற்கு முன் கடைசிச் சுற்று என்று பெரியவரின் நண்பர் ஒரு 57 நான்கு கதவு வண்டியோடு வந்தார். 283 வி8, இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். ஓட்டிப் பார் என்றார்.

என் கட்சிக்கு ஆபத்தான விஷயம் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. 57 உள்ளே உட்கார நல்ல வண்டி. 56-இல் காற்று உள்ளே வரும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. 57-இல் டாஷ்போர்டை மாற்றியதால் அந்த வழியை முகவிளக்குகளின் மேலே கொண்டுபோய்விட்டார்கள். விளக்கைச் சுற்றி வலைபோல் இருக்கிறதே, அது வெறும் அலங்காரம் அல்ல. அதன் பயனாக முன்கண்ணாடியின் அடிமட்டம் தாழ்ந்துவிட்டது. பானெட் முழுவதும் கண் முன்னால் விரிகிறது. சக்கரமும் 15-இலிருந்து 14 அங்குலமாகிவிட்டதால் வண்டி தரையோடு ஒட்டி நிற்கிறது. 283 எஞ்சினுக்கு அவசரமே இல்லை. கால் வைத்தால் முனகாமல் இழுக்கிறது.

ஆக, 57-ஐப் புகழ்கிறவர்கள் தவறான முனையைப் பிடித்துக்கொண்டு புகழ்கிறார்கள். பின்னால் நின்று சிறகைப் பார்க்கிறார்கள். முன் சீட்டில் உட்கார வேண்டும்.

20 அக்டோபர்

இல்லை, கட்சி மாறவில்லை. வாழ்த்துச் செய்திகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 55 டாஷ்போர்டில் நூற்றுக்கணக்கான சிறு செவர்லே முத்திரைகளைப் பொடிப்பொடியாக அடித்த தகடு ஒன்று பெல் ஏரில் உண்டு. கிட்டே குனிந்து பார்த்தால்தான் அவை முத்திரைகள் என்று தெரியும், தள்ளி நின்றால் வெறும் புள்ளிகள். அந்தத் தகடு, 56-இன் முகம், 57-இன் முன்கண்ணாடி. இப்படி ஒரு வண்டி இருந்தால் கடன் வாங்கியாவது எடுத்திருப்பேன்.

9 மார்ச் 2025

கேள்வியைத் தொடங்கிவைத்தவரே இப்போது நிஜமாக வாங்கப் போகிறாராம். இரண்டு வண்டிகள் பேச்சில் உள்ளன: ஒஹையோவில் 57 பெல் ஏர், சிவப்பு, பளபளப்பு, நீல வானப் பின்னணியில் எடுத்த படங்கள். அரிசோனாவில் 55 டூ-டென், வெளிறிய பச்சை, படங்கள் மங்கல், விலை ஏறக்குறைய பாதி.

ஆண்டுச் சண்டையைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். முதலில் 57-இன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கீல் தூணில் இருக்கும் எண் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வி, சி, 57 என்று தொடங்கினால் வி8 எஞ்சினோடு பிறந்த பெல் ஏர். சி இருக்கும் இடத்தில் பி இருந்தால் அது டூ-டென். பின்னால் பெல் ஏர் பட்டைகளும் தங்க நிற கிரில்லும் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் பெல் ஏர் விலை கொடுக்கக் கூடாது. முன்னால் வி இல்லாமல் இருந்தால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது.

பிறகு நேரில் போகும்போது ஒரு சிறு காந்தம். மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்டில் கீறல் விழுந்தால் பேரம் கெட்டுவிடும். சக்கரங்களுக்கு மேல், கதவுக்கடியில், முகவிளக்குக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஒஹையோவும் உப்புச் சாலை ஊர். அரிசோனாவில் வெயில் ரப்பரையும் சீட்டுத் துணியையும் தின்றிருக்கும். அவை கடையில் கிடைக்கும். டிக்கியில் கிடக்கும் பாயைத் தூக்கித் தரையைப் பார்க்க மறக்க வேண்டாம். விற்பவர் அதற்குள் காபி குடிக்கக் கூப்பிடுவார்.

12 மார்ச்

எண் தகட்டில் பி என்று இருக்கிறது. எதிர்பார்த்ததுதான். 57 என்பதற்காக மனம் தளர வேண்டாம், விலையை டூ-டென்னுக்கு இறக்கிக் கேளுங்கள். இறங்கவில்லை என்றால் அரிசோனாக்காரரைக் கூப்பிட்டு, அந்த 55-இன் எஞ்சின் பிறப்பிலேயே உள்ளதா, வெளியே ஆயில் ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பானெட்டைத் திறந்து இடப்பக்கமிருந்து ஒரு படம், அடியிலிருந்து சட்டத்தின் பின்பகுதி ஒரு படம். வந்ததும் இங்கே போடுங்கள்.